ஆள் ஒன்று, தாள் பல

அம்பத்தூரில் 1985ஆம் ஆண்டு பிறந்து, பிறந்த தெருவிலேயே இன்றும் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தபோது அந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து ஏழாம் மண்டலமானது. அப்போதும் வருவாய்த் துறைக் கணக்கில் திருவள்ளூர்தான். 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்த பிறகே அம்பத்தூர் வட்டம் சென்னைக்கு வந்தது. 2022 ஜனவரி 1 அன்று ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியதும் காவல் துறையின் கணக்கில் அவர் ஆவடிக்காரர் ஆனார். மக்களவைத் தேர்தலில் அவருடைய வாக்கு ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்குப் போகிறது. தபால்காரருக்கு அவர் எப்போதும் சென்னை 600053.

ஆவடியின் நிலை இதற்கு நேர்மாறு. 2019 முதல் அது தனி மாநகராட்சி. மாவட்டம் திருவள்ளூர், அஞ்சல் எண் மட்டும் சென்னை 600054. பூந்தமல்லி நகராட்சியும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது; கடிதங்கள் சென்னை 600056 என்று வருகின்றன. பழைய சான்றிதழ்கள் பலவற்றில் இந்த ஊர்களுக்கு ‘மெட்ராஸ்’ என்றே போட்டிருக்கும்.

அந்த அம்பத்தூர்க்காரர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போது, பிறந்த மாவட்டம் எது, இப்போதைய மாவட்டம் எது, எந்தக் காவல் நிலையம் என்று கேள்விகள் வருகின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் அச்சானவை. ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி. அவர் எங்கும் போகவில்லை. அரசுதான் அவரைச் சுற்றி எல்லைக் கோடுகளை மாற்றி மாற்றி வரைந்தது. ஆனால் தாள்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

அடையாளத்தை நிரூபிப்பது என்று நாம் சொல்வது நடைமுறையில் தாள்களின் ஒற்றுமையை நிரூபிப்பதாகவே இருக்கிறது. இன்னார் இன்னார்தான் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லாதபோதும், ஓர் எழுத்து, ஒரு தலைப்பெழுத்து, ஒரு கதவு எண் மாறியதால் கோப்பு நின்றுவிடுகிறது. அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிறந்தவை. அவற்றைச் சரிசெய்யும் சுமையும் செலவும் அவற்றை உண்டாக்கியவர்களைச் சேரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உரிமை சட்டத்தில், பூட்டு பட்டியலில்

1967 வரை பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் இந்தியாவில் அரசின் விருப்பத்துக்கு உட்பட்டதாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 10 அன்று, சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. சட்டம் இல்லாமல் இனி மறுக்க முடியாது என்ற நிலை வந்ததும், ஜூன் 24 அன்று பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்த உரிமையை மேலும் உறுதியாக்கியது. எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பதைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக்கு 11ஆம் பிரிவு இருக்கிறது.

இவ்வளவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாதாரண மனிதர் இந்தப் பிரிவுகளை அனுபவிக்கும் இடத்துக்கே வருவதில்லை. அவருடைய விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை. ‘ஆன் ஹோல்டு’ என்று நிறுத்திவைக்கப்படுகிறது. நிறுத்திவைத்தல் மறுப்பு ஆகாது, ஆகவே மேல்முறையீடும் எழாது. எந்த ஆவணம் செல்லும், எது செல்லாது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1980ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் இணைப்புகளும் அமைச்சகம் அவ்வப்போது திருத்தும் பட்டியல்களும்தான் சொல்கின்றன.

அந்தப் பட்டியல்கள் எப்படி மாறின என்று பார்ப்பது இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளும் வழி. நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் பிறப்புச் சான்றிதழ்தான் காட்டவேண்டும். வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்த பிள்ளைகளுக்கும், பெயர் எழுதப்படாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் பதிவான பிள்ளைகளுக்கும் அது பெரிய தடை. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அதை நீக்கியது. மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் ஒன்று பிறந்த தேதிக்குப் போதும் என்றது. நோட்டரியிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் போய் வாங்கவேண்டியிருந்த உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் தானே எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்றது. பெற்றோர் இருவரின் பெயரும் வேண்டும் என்ற கட்டாயம் போனது. திருமணச் சான்றிதழ் தேவையில்லை என்றானது. ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இல்லத் தலைவரின் கடிதம் ஏற்கப்பட்டது. பாஸ்போர்ட் வரலாற்றில் மக்கள் பக்கம் சாய்ந்த மிக நல்ல திருத்தம் இதுதான். தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, ஓடிப்போன கணவனின் கையெழுத்துக்காக அலைந்தவர்கள் அறிவார்கள்.

2025 பிப்ரவரியில் விதி மறுபடி திரும்பியது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ். பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் அதே நாளில் நடைமுறைக்கு வந்ததால் அந்தத் தேதி. இன்று மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட தமிழ்நாட்டில் இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். முன்னர் பிறந்தவர்களுக்குப் பழைய சலுகை அப்படியே தொடர்வது முக்கியம், தொடர்கிறது.

மூன்று மேசைகள்

மேற்குப் புறநகர்க்காரர்கள் பெரும்பாலும் அமைந்தகரை அல்லது சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகிறார்கள். தாம்பரத்திலும் ஒன்று உண்டு. சிக்கலான கோப்புகள் அண்ணா சாலை ராயலா டவர்ஸில் உள்ள மண்டல அலுவலகத்துக்குச் செல்லும். உள்ளே மூன்று கட்டம். முதல் மேசையில் தனியார் நிறுவனமான டி.சி.எஸ். ஊழியர்கள் படம் எடுத்து, விரல் ரேகை பதிந்து, தாள்களை ஸ்கேன் செய்கிறார்கள். இரண்டாவதில் அரசு அலுவலர் அசல் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். மூன்றாவதில் வழங்கும் அதிகாரி முடிவெடுக்கிறார். முன்பதிவும் டோக்கனும் வந்த பிறகு பழைய நெரிசலும் தரகர் கூட்டமும் வெகுவாகக் குறைந்தன. இதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். சாதாரண விண்ணப்பத்துக்கு 36 பக்கப் புத்தகம் 1500 ரூபாய். தட்கலுக்கு மேலும் 2000.

இடைஞ்சல் இரண்டாவது மேசையில் வருகிறது. அங்கே இருப்பவர் விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்ப்பதைவிட இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டியவர். அது அவருடைய குற்றமன்று. பின்னால் ஏதாவது நடந்தால் ‘ஏன் கவனிக்கவில்லை’ என்ற கேள்வி அவரிடம்தான் வரும். போலி ஆவணங்களைக் காட்டி வெளிநாட்டினர் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றதாக மதுரையில் கியூ பிரிவு போலீசார் பதிந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது நினைவிருக்கலாம். பொய்த் தகவல் தருபவருக்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. எச்சரிக்கை தேவைதான். ஆனால் போலி ஆவணம் தயாரிப்பவன் எல்லாத் தாளிலும் ஒரே பெயரை ஒரே எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிறான். எழுத்து மாறிப்போன தாள்களோடு வந்து நிற்பவர்தான் பெரும்பாலும் உண்மையான மனிதர்.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழர்களைப் பெரிதும் வாட்டும் துன்பம் ஒன்று இதில் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்று அந்த மாவட்டத்து ஊர்கள். அடுத்த இரண்டு தலைமுறைகளில் தமிழ்ச் சமூகம் அதைப் பெருமளவு நிறைவேற்றியும் காட்டியது. பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு மாநிலம் உருவானது. நாம் பெருமைப்படவேண்டிய செயல் அது.

பாஸ்போர்ட் விண்ணப்பமோ பெயரை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. ஒன்று சொந்தப் பெயர், மற்றது குடும்பப் பெயர். உலகெங்கும் எந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வடிவம் அப்படி. அதில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று நம் அரசு அனுமதிக்கிறது. விட்டால் வேறு நாட்டில் வினை வருகிறது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு ‘முதல் பெயர் தெரியாது’ என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தைப் பெயரிடத்தில் போடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். அதற்குள் எத்தனை குடும்பங்களின் பயணம் குலைந்திருக்கும்!

ஆகவே தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறோம். சண்முகத்தின் மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ‘முருகேசன் எஸ்’. வாக்காளர் அட்டையில் வெறும் முருகேசன். தந்தை பெயர் தனி வரியில். பான் கார்டு விண்ணப்பம் இனிஷியலை ஏற்காததால் அதில் ‘சண்முகம் முருகேசன்’. ஆதாரில் எஸ் முன்னால் வந்துவிட்டது. நான்கும் ஒரே ஆளுடையவை என்பது தமிழ்நாட்டில் எந்தப் பெட்டிக்கடைக்காரருக்கும் விளங்கும். கணினிக்கு அவர்கள் நான்கு பேர்.

பெண்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுதல். திருமணத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து, பின்னர் கணவருடையது என்ற பழக்கத்தால் மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்தும் வாக்காளர் அட்டையில் வேறு எழுத்தும் நிற்கின்றன. அந்தப் பெண் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. கணக்கெடுக்க வந்தவர் கேட்டார், வீட்டில் இருந்தவர் சொன்னார், எழுதிக்கொண்டு போனார். திருநங்கையரின் நிலை தனியாகச் சொல்லப்படவேண்டியது. விண்ணப்பத்தில் மூன்றாவது பாலினக் கட்டம் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றும் தருகிறார். ஆனாலும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவரின் கையில் இருக்கும் ஒரே பழைய தாள் அவர் விட்டு வந்த பெயரில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயரை ஆங்கிலத்தில் எழுத மூன்று நான்கு வழிகள் உண்டு. எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஊர்ப் பெயரும் தப்பவில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. அம்பத்தூரும் பூவிருந்தவல்லி எனப்படும் பூந்தமல்லியும் அதில் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நிலைத்திருந்தால் இந்த வட்டாரத்தில் ஒவ்வொருவரிடமும் இன்னொரு முரண்பாடு சேர்ந்திருக்கும்.

பிறந்த தேதியையும் பள்ளிக்கூடம் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. ஜூனில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் தலைமையாசிரியர் ஏதோ ஒரு மே மாதத் தேதியைப் போட்டுக்கொள்வார். நாற்பதைத் தாண்டிய பலருக்கு வீட்டில் கொண்டாடும் பிறந்தநாள் ஒன்று, சான்றிதழில் இருப்பது வேறு. நகராட்சிப் பதிவேட்டில் உண்மையான தேதி பின்னால் கிடைத்துவிட்டால் அது உதவியாக இராமல் புதிய சிக்கலாகிவிடுகிறது. ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறையும் பெயரை இருமுறையும்தான் திருத்த முடியும் என்பது வரம்பு. எதைத் திருத்துவது, எந்தப் பக்கம் சாய்வது என்று அவசரத்தில் முடிவெடுத்துவிட்டு அவதிப்படுவோர் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்

முகவரிச் சான்று இந்த வட்டாரத்தில் தனிக் கதை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. சிறு பட்டறைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பின்னர் மென்பொருள் அலுவலகங்களும் வந்தன. கொரட்டூர், பாடி, மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டு, திருமுல்லைவாயல் என்று சுற்றியுள்ள தெருக்களெல்லாம் வாடகைக் குடித்தனங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் இங்கே வாழ்கிறார்கள்.

ஏற்கப்படும் ஆவணங்களைப் பாருங்கள்: மின்கட்டண ரசீது, தண்ணீர் வரி ரசீது, எரிவாயு இணைப்பு, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், ஆதார், வாக்காளர் அட்டை, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். மின்சாரமும் தண்ணீரும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கின்றன. ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. வரிக்கு அஞ்சும் வீட்டுக்காரர் பதிவுக்கு வருவதில்லை. வாடகைக்காரர் வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். பெயர்பெற்ற நிறுவனத்தின் முகவரிக் கடிதம் ஏற்கப்படும் என்று பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் லேத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கடிதம் எங்கே கிடைக்கும்? கடைசியில் எல்லோரும் ஆதாரில்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு வீடு மாறும்போதும் இ-சேவை மையத்தில் ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டே போகவேண்டும். மாற்றவும் சான்று கேட்பார்கள்.

2018 ஜூன் முதல் இந்தியாவில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது பெரிய உதவி. ராமநாதபுரத்து முகவரியோடு அம்பத்தூரில் வேலை பார்ப்பவர் அமைந்தகரையிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே போலீஸ் விசாரணை நடக்கும்; ஆள் அங்கே இல்லாவிட்டால் எதிர்மறை அறிக்கை போய்விடும். ஊர் முகவரியா, வாடகை முகவரியா என்பதைத் தேர்வது புறநகர்த் தொழிலாளிக்கு எளிய முடிவாக இருப்பதில்லை. கடந்த ஓராண்டில் இருந்த எல்லா இடங்களையும் சொல்லவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஓராண்டில் மூன்று அறை மாறியவர் என்ன செய்வார்?

காவல் நிலையத் தேர்வு மற்றொரு பொறி. அம்பத்தூர் சென்னை மாநகராட்சி என்பதால் சென்னைக் காவலைத் தேடுபவர் தன் நிலையத்தைக் காணமாட்டார். ஆவடி ஆணையரகத்தின்கீழ் பார்க்கவேண்டும். தெருவின் ஒரு பக்கம் அம்பத்தூர் நிலையம், மறுபக்கம் அம்பத்தூர் எஸ்டேட் நிலையம் என்று இருக்கும் இடங்களும் உண்டு. தவறான நிலையத்தைச் சொடுக்கினால் கோப்பு அங்கே போய்த் திரும்பி வரும்.

ஆவடியில் வேறொரு வகை மக்கள் இருக்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் என்று அரசுக் குடியிருப்புகள் நிறைந்த ஊர். அவர்களுக்குத் துறையே சான்று தரும்; அல்லது மேலதிகாரிக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். துறையின் அடையாளச் சான்று இருந்தால் போலீஸ் விசாரணைகூடத் தேவைப்படாது. ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டால் அரசு நம்பும் என்பதற்கு இது நல்ல சான்று. அந்த நம்பிக்கை மதில்சுவருக்கு வெளியே ஏன் கிடைப்பதில்லை?

குடியுரிமையின் நிழல்

பாஸ்போர்ட்டைப் பயணத்துக்கான புத்தகமாக மட்டும் கருதிய காலம் போய்விட்டது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தேர்தல் ஆணையம் ஏற்ற ஆவணங்களில் பாஸ்போர்ட்டும் ஒன்று. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. நம்முடைய பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் தேடினார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் வாக்காளர் திருத்தத்தில் அதை அடையாளத்துக்கு மட்டுமே ஏற்கச் சொன்னது. அப்படியானால் பாஸ்போர்ட் இல்லாதவரின் கையில் என்ன இருக்கிறது என்ற பதற்றம் வெளிநாட்டு எண்ணமே இல்லாதவர்களையும் தொட்டுவிட்டது.

பிறப்பால் குடியுரிமை என்பதும் பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதன் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும். அதற்குப் பின் நிபந்தனை இன்னும் கடுமை. இலங்கைத் தமிழர் முகாம்களில் இது வெறும் சட்ட நுணுக்கமாக இருக்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். அவருடைய பிறப்புச் சான்றிதழே போதும், பிறப்பால் அவர் இந்தியர் என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னது, பாஸ்போர்ட் கிடைத்தது. அம்பத்தூருக்குப் பக்கத்தில் புழல் காவாங்கரையிலும் அத்தகைய முகாம் இருக்கிறது. அங்கே வாழ்பவர்களில் அதே காலத்தில் இந்தியாவில் பிறந்தவருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

தாள் இல்லாததால் நாடு இல்லாமல் போன கதை நமக்குப் புதிதன்று. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார் என்று காட்டச் சொன்னது. தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் பிறந்தவர்களுக்குப் பதிவேடு ஏது? பல லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் வந்தார்கள். முன்பு பார்த்தறியாத ஒரு நாட்டை அவர்களுடைய சொந்த நாடென்று அந்தப் புத்தகம் சொன்னது. அப்பன் பிறந்த ஊருக்குத் தாள் கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழர்கள் மறக்கக்கூடாது.

சாட்சி சொல்ல ஒரு மனிதர்

பிரிட்டனில் முதல்முறை பாஸ்போர்ட் கேட்பவரை, குறைந்தது இரண்டு ஆண்டுகளாக அறிந்த பொறுப்பான ஒருவர் சான்றளிக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் போதிய அடையாளத் தாள் இல்லாதவர் தன்னை அறிந்த ஒருவரைச் சாட்சியாக அழைத்துவரலாம். அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். தாள் எதுவும் முழு உண்மை சொல்லிவிடாது என்பதை ஏற்றுக்கொண்ட நடைமுறைகள் இவை. நம் விண்ணப்பத்திலும் அக்கம்பக்கத்தினர் இருவரின் பெயரைக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களுக்கு இரண்டாவது மேசையில் மதிப்பில்லை. தாள் முரண்பட்டால் அவர்கள் வந்து சொன்னாலும் தீராது.

மாமன்ற உறுப்பினர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கிராம நிர்வாக அலுவலர் போன்றவர்களில் ஒருவர், சட்டப் பொறுப்போடு, ‘இந்த நான்கு தாளும் இவருடையவைதான்’ என்று எழுதிக் கொடுப்பதை முகவரிக்கும் பெயர் வேறுபாட்டுக்கும் ஏற்கவேண்டும். பொய் சொன்னால் 12ஆம் பிரிவு அவர்மீதும் பாயட்டும். மாவட்டம், மாநகராட்சி, தெருப் பெயர், கதவு எண், காவல் எல்லை ஆகியவற்றில் அரசு செய்த மாற்றங்களுக்கு அட்டவணை தயாரிப்பது ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு வாரத்து வேலை. அதைப் பாஸ்போர்ட் கணினியோடு இணைத்துவிட்டால் ‘செங்கல்பட்டு’, ‘திருவள்ளூர்’, ‘சென்னை’ என்று மூன்று தாளில் இருப்பதைக் காட்டி எவரையும் திருப்பி அனுப்பத் தேவையிருக்காது. தலைப்பெழுத்து முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் விரித்து எழுதியிருப்பதும் முரண்பாடே ஆகாது என்று அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தமிழ்நாட்டின் பாதிக் கோப்புகளுக்கு மூச்சு வரும். கோப்பை நிறுத்திவைக்கும்போது எந்தத் தாளில் எந்தச் சொல்லுக்காக என்று எழுத்தில் தரவேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் தீராவிட்டால் அதை மறுப்பாகக் கருதி மேல்முறையீடு செய்யும் வழியும் வேண்டும்.

2025 மார்ச் முதல் சென்னை அலுவலகம் சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட்டுகளை வழங்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிப்பில் ஏறும் பெயர் உலகின் எல்லா விமான நிலையங்களிலும் படிக்கப்படும். பிழையோடு ஏறினால் பிழையோடே படிக்கப்படும்.

வீட்டில் சிறு பிள்ளை இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா, உங்கள் பெயர் உங்கள் ஆதாரில் உள்ள எழுத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த தேதியைச் சொல்ல வேறு தாள் எதையும் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்காது.